பேச்சியம்மாளின் மூச்சும் ஒரு ஜீப்பு ஜனமும்

நர்ஸ் வேலை என்பது பாதி நோயாளியோடு, மீதிப் பாதி அவரோடு வருகிற ஜனத்தோடு. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நாளாவது காத்துக்கிடந்திருந்தால், ‘இந்த சிஸ்டருக்கு ஏன் இவ்வளவு கோபம்’ என்று முனகியிருப்பீர்கள். எங்கள் பக்கம் வந்து நின்று பாருங்கள், உங்களுக்கும் வரும்.

நான் மலையடிவாரத்துப் போடியில் ஓர் ஆஸ்பத்திரியின் மூச்சுத்திணறல் வார்டில் இருக்கிறேன். மழை பிடித்தால் வைரஸ் காய்ச்சலும் கூடவே வந்துவிடும். இந்த மழைக்கு வந்தவர்களில் பேச்சியம்மாளை என்னால் மறக்க முடியாது. பக்கத்துச் சிலமலை ஊர்க்காரி. தினமும் காலையில் ஜீப்பு ஏறி மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவள். காய்ச்சலை மழை நனைந்த காய்ச்சல் என்று நினைத்து, மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். கடைசியில் அதே ஜீப்பு அவளை நடுப்பகலில் கீழே கொண்டுவந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு நுரையீரலிலும் சளி கட்டிவிட்டது, மாஸ்க்கில் கொடுக்கிற ஆக்சிஜனில் தேறவில்லை என்றால் வெண்டிலேட்டர்தான், அதில் வைத்த பிறகு தன்னாலும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மலைக்காற்று

அவள் புருஷன் கருப்பையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “சிஸ்டர், அவளுக்குக் காத்துப் பத்தலைங்கிறீங்க. இங்க போடியில ஒரே வெக்கை. மேல மலை மெட்டுல காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. ஜீப்பு வாசல்லதான் நிக்கிது. வெரசா ஏத்திட்டுப் போயிர்றேன்” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, போர்வையையும் கையில் எடுத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் மனுஷன் முகத்தைப் பார்த்தால் திட்ட வாய் வரவில்லை. “அண்ணே, வீசுற காத்து வேற, உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜன் வேற. மேல போகப் போக அது கொறையும். இப்ப இவங்களுக்கு அந்தக் கொறைச்சலும் ஆகாது” என்றேன். போர்வையை மடித்து நாற்காலியில் வைத்தார். பிறகு கேட்டார்:

“அப்ப இத்தன வருசமா அந்தக் கொறஞ்ச காத்துலதான் இவ மூடை சுமந்தாளா, சிஸ்டர்?”

குப்புறப் படுத்தல்

இந்த நோய்க்குக் குப்புறப் படுக்கவைப்பது ஒரு வைத்தியம். முதுகுப் பக்கத்து நுரையீரல் கொஞ்சம் விரிந்துகொடுக்கும். சொல்வதற்கு எளிது. மூச்சு முட்டுகிறபோது, மாஸ்க்கும் ஒயருமாகக் குப்புறக் கிடப்பது கொடுமை. பக்கத்துப் படுக்கைப் பெரியவர், நான் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் மல்லாந்துவிடுவார். பிடித்துக்கொண்டால் கழுத்துச் சுளுக்கு என்பார்.

பேச்சியம்மாளிடம் ஒரு தடவைதான் சொன்னேன். புரண்டு படுத்தவள் அப்படியே கிடந்தாள். சாப்பாட்டு வண்டி வந்து போயிற்று, டாக்டர் வந்து போனார், அசையவில்லை. எண்பதுகளில் தவித்துக்கொண்டிருந்த ஆக்சிஜன் அளவு மெல்ல ஏறித் தொண்ணூறைத் தொட்டது. எத்தனையோ திடகாத்திரமான ஆட்கள் இந்தக் கட்டிலில் அழுததைப் பார்த்தவள் நான். எப்படி முடிகிறது என்று குனிந்து கேட்டேவிட்டேன். மாஸ்க்குக்குள்ளிருந்து துண்டு துண்டாகப் பதில் வந்தது:

“ஏலக்கா... மரத்துலயா... காய்க்கிது சிஸ்டர்? தூரோட... தரையிலதான... கெடந்து எடுக்கிறோம்.”

கூவல்

மறுநாள் சாயங்காலம் தெருவிலிருந்து “ஓ...ஓய்” என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், மலையிலிருந்து இறங்கிய ஜீப்பு எங்கள் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறது. உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் அண்ணாந்து கூவுகிறார்கள். திரும்பிப் பார்க்கிறேன், பேச்சியம்மாள் மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்கிறாள்! சத்தம் வரவில்லை. மெஷின்தான் அலறியது. ஓடிப்போய் மாஸ்க்கை மாட்டி, அளவு ஏறுகிறவரை பக்கத்தில் நின்றேன்.

கீழே இறங்கிப்போய் வாங்கு வாங்கென்று வாங்கினேன். பேச்சியோடு ஒரே வரிசையில் காய் எடுக்கிற ராசாத்தி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். தோட்டத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்தில் இருக்கிற ஆள் தெரியாது. காட்டுமாடு வரும், யானை வரும். ஒருத்தி கூவினால் எல்லாரும் பதிலுக்குக் கூவவேண்டும். ஒரு குரல் குறைந்தால் அத்தனை பேரும் சாக்கைப் போட்டுவிட்டுத் தேடக் கிளம்புவார்கள். பேச்சி மாஸ்க்கைக் கழற்றியது அந்தப் பழக்கத்தில்தான். அவள் இனிமேல் வாயே திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

“அவ கொரல் குடுக்க வேணாம், சிஸ்டர். அவளுக்காக நீங்க குடுங்க. ஆளு இருக்கான்னு தெரிஞ்சாப் போதும், நாங்க போயிர்றோம்.”

என் கச்சேரி

அடுத்த நாள் அளவு மறுபடி இறங்கியது. நாளைக் காலைவரை பார்ப்போம், அப்புறம் வெண்டிலேட்டர்தான் என்று டாக்டர் கருப்பையாவிடம் சொல்லிவிட்டார். மனுஷன் வராந்தாச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எனக்கும் மனசு சரியில்லை.

சாயங்காலம் தூறலில் ஜீப்பு வந்து நின்றது. தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு எல்லாரும் இறங்கிக் கூவினார்கள். நான் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன். டாக்டர் இல்லை. ஜன்னலைத் திறந்து கூவினேன். எங்கள் ஊர் ராசிங்காபுரத்தில் என் அப்பாவின் ஆடுகள்கூட இதைவிட நன்றாகக் கத்தும். கீழே ஒருத்தரும் சிரிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏறினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிலைப் பார்த்தால், நாளைக்குத் தொண்டையில் குழாய் போடப்போகிற பேச்சி, தோள் குலுங்கச் சிரிக்கிறாள்.

“இந்தச் சத்தத்துக்கு... ஆளு வராது சிஸ்டர்... யானைதான் வரும்.”

ஆள் சரி

காலையில் டாக்டர் வந்து அளவைப் பார்த்தார். இறங்கவில்லை. மத்தியானமும் வந்து பார்த்தார். ஒன்று கூடியிருந்தது. குழாய் வேண்டாம், பொறுப்போம் என்றார். மருந்தா, குப்புறப் படுத்த படுக்கையா, எது கேட்டது என்று எனக்குத் தெரியாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். பெரிய மாஸ்க் போய், மூக்கில் மெல்லிய குழாய் வந்தது. அன்றைக்கும் ஜீப்பு வந்தது. வழக்கம்போல் நான் ஜன்னலுக்குக் கிளம்பினேன். பேச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். டாக்டர் பக்கத்திலேயே நின்றார், தடுக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்து, “ஓ...ய்” என்றாள். ஜன்னலைத் தாண்டியிருக்குமா என்றே எனக்குச் சந்தேகம்.

எட்டிப் பார்த்தால், கீழே ஜீப்பு எஞ்சினை அணைத்துவிட்டிருந்தார்கள். கட்டிலருகே கருப்பையா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கீழே ராசாத்தி தலையில் போட்டிருந்த தாளை விலக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

“சத்தம் கொறச்சல்தான், சிஸ்டர். ஆனா ஆளு சரி.”

ஊசி போட, டிரிப்ஸ் ஏற்ற, மாஸ்க் மாட்ட எல்லாம் பாடம் நடத்தின நர்சிங் பள்ளியில், ஜன்னலைத் திறந்து ஒழுங்காகக் கூவுவது எப்படி என்று மட்டும் ஒருத்தரும் சொல்லித்தரவில்லை.