லேமுவேல் விட்கமின் பெயருக்கு வந்த பதில்

லேமுவேல் விட்கம் பெரிய வீரர் ஒன்றும் இல்லை. தெற்கத்திக்காரர்களோடு நடந்த பிரெடெரிக்ஸ்பர்க் சண்டையில் எங்களோடு ஓடினார், எங்களோடு சேற்றில் படுத்தார், உயிர் தப்பி எங்களோடு ஆற்றைக் கடந்து இக்கரை திரும்பினார். அவருக்கு இருந்த பெருமை வேறு. எங்கள் படைக் கம்பெனியில் காபி பங்கு வைக்கும்போது முதுகைக் காட்டி நிற்பவர் அவர்தான்.

ஐந்து நாளுக்கு ஒரு முறை காபித்தூளும் சர்க்கரையும் வரும். சார்ஜன்ட் ஹேட்ச் தரையில் ரப்பர் விரிப்பைப் போட்டு, நாற்பது பேருக்கு நாற்பது குவியல் வைப்பார். எவ்வளவு பார்த்து வைத்தாலும் ஒன்றிரண்டு சற்றுப் பெரிதாகத்தான் அமையும். எல்லார் கண்ணும் அதில்தான் இருக்கும். லேமுவேல் குவியல்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். ஹேட்ச் ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பார். லேமுவேல் சொல்லும் பெயருக்கு அது போய்விடும். ஜெனரலையே திட்டுகிற வாய்கள்கூட அப்போது மூடிக்கொள்ளும்.

"அண்ணே, உங்களுக்கு முதுகுல கண்ணு இருக்கு. எனக்கு மட்டும் எப்பவும் சின்னதாவே வருது" என்பான் ஓரின்.

"கண்ணு இருந்தா உனக்கு அதுவும் வராதுடா."

ஓரின், லேமுவேல், நான் மூவரும் ஒரே குடிசை. மரக்கட்டைச் சுவர், கூடாரத் துணிக் கூரை. லேமுவேல் வெர்மான்டில் பீப்பாய் செய்தவர். பன்றிக்கறி வந்த காலிப் பீப்பாய்களை அடுக்கி, உள்ளே களிமண் பூசி எங்களுக்குப் புகைபோக்கி கட்டினார். மற்றவர்களின் புகைபோக்கி வாரம் ஒருமுறை தீப்பிடிக்கும். எங்களுடையது ஒரு நாளும் பிடிக்கவில்லை.

போர் என்றால் சண்டை என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அந்த 1863 ஜனவரியில் போர் என்றால் சேறுதான். விடியுமுன் முரசு, பெயர் கூப்பிடுதல், நோயாளிகள் வரிசை, பயிற்சி, இரண்டு மைல் நடந்து விறகு, திரும்பவும் பயிற்சி. கல் போன்ற பிஸ்கட்டைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்துக் காபியில் போட்டால் புழு மேலே மிதக்கும். அதை எடுத்து எறிந்துவிட்டுக் குடிப்போம். ஆற்றுக்கு அக்கரையில் தெற்கத்திக்காரர்களும் இதே பாட்டைத்தான் பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காபியும் கிடையாது.

வயிற்றுப்போக்கு எல்லாருக்கும் இருந்தது. லேமுவேலுக்கு ரத்தமாகப் போக ஆரம்பித்தது. பத்து நாளில் இடுப்பு வார் இரண்டு சுற்று வந்தது. கொடி கட்டிய ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்கு அந்த மாதம் எங்கள் கம்பெனியில் ஏழு பேர் போயிருந்தார்கள். ஏழு பேரையும் பைன் மரங்களுக்கு அடியில் புதைத்திருந்தோம். தினமும் சாவு முரசு கேட்டு ஆட்கள் இடிந்துபோகிறார்கள் என்று கர்னல் அந்த முரசையே நிறுத்திவிட்டார்.

"என்னை அங்க மட்டும் கொண்டு போயிடாதீங்கடா" என்றார் லேமுவேல். "மார்ச்சுல மேப்பிள் மரத்துல சாறு இறங்கும், பாகு காய்ச்சணும். லுவிசா தனியா என்ன பண்ணுவா? அதுக்குள்ள எந்திரிச்சிடுவேன்."

லுவிசா அவர் மனைவி. ஓரின் என்னைப் பார்த்தான். நான், "நீங்க படுங்கண்ணே. உங்க பேருக்கு நான் குரல் குடுத்துக்கறேன்" என்றேன்.

இருட்டும் பனியுமாக நிற்கும் வரிசையில் முகம் தெரியாது. ஹேட்ச் "விட்கம்" என்பார். நான் குரலைக் கரகரப்பாக்கி "உள்ளேன் ஐயா" என்பேன். அடுத்தது நான், ஹைரம் யேட்ஸ். சொந்தக் குரலில் இன்னொரு "உள்ளேன் ஐயா." ஹேட்ச் ஏமாளி இல்லை. அவருக்கும் அந்தக் கூடாரம் பிடிக்காது. லேமுவேலின் காவல் முறைக்கு ஓரின் போய் ஆலங்கட்டி மழையில் நின்றான். இப்படி ஒன்பது நாள். எங்கள் சாமர்த்தியத்தை நினைத்து நாங்களே பெருமைப்பட்டோம், மடையர்கள்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. ஏழு நாளுக்குக் குறையாமல் நோயாளி என்று பதிவானவர்களை நீராவிக் கப்பலில் ஏற்றி, முப்பது நாள் விடுப்பில் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். தினமும் காலையில் நோயாளிகள் வரிசையில் நின்று முழங்காலைத் தேய்த்து முனகுகிற கிரல் என்ற புளுகன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அவனை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மன்னிக்கவில்லை.

நானும் ஓரினும் லேமுவேலைப் போர்வையில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"விட்கம்... முந்தாநாள் விறகுக்குப் போயிருக்காரு. நேத்து காவல் நின்னிருக்காரு. ஒன்பது நாளா ஒரு குறையும் இல்லையே."

"அதுக்கெல்லாம் இந்த ஓரின்தான் போனான் ஐயா. காலைல நான்தான் குரல் குடுத்தேன். ஆளைப் பாருங்க ஐயா, எலும்பா கெடக்காரு."

"பாக்கறேன். கண்ணு இருக்கு எனக்கு." அவர் கத்தவில்லை. தூங்கிப் பல நாளான முகம். "கப்பல்ல ஏத்தறவன் ஆளைப் பாக்க மாட்டான், ஏட்டைத்தான் பாப்பான். இன்னிக்கு நோயாளின்னு எழுதறேன். ஏழு நாள் கழிச்சு அடுத்த கப்பல்."

பெயர் எழுதியதும் அவரைக் கொடி கட்டிய கூடாரத்துக்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். எதற்குப் பயந்து ஒளித்தோமோ, அங்கேயே. நான் தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். லேமுவேல் என் கையைப் பிடித்தார்.

"ஏழு நாள்தானே ஹைரம். சாறு இறங்க இன்னும் நாள் இருக்கு."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு இப்படி வலிக்காது.

நான்காம் நாள் மதியம் இறந்துபோனார். பிஸ்கட் பெட்டிப் பலகையில் ஓரின் கத்தியால் பெயரைச் செதுக்கினான். ஊரிலிருந்து யாராவது தேடி வந்தால் தெரிய வேண்டுமே என்று ஆழமாகச் செதுக்கினான். பாசத்தில்தான் அவரை ஒளித்து வைத்தோம். அதற்காக, செய்தது தப்பில்லை என்று ஆகிவிடுமா?

மறுநாள் காலை அதே இருட்டு, அதே வரிசை. பட்டியலில் இன்னும் அவர் பெயரை அடித்திருக்கவில்லை. ஹேட்ச் பழக்கத்தில் "விட்கம்" என்றார்.

"உள்ளேன் ஐயா" என்றது என் வாய், அதே கரகரத்த குரலில்.

யாரும் சிரிக்கவில்லை. ஹேட்ச் பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டார். பிறகு "யேட்ஸ்" என்றார். எனக்குக் குரல் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார்.

பக்கத்தில் நின்ற ஓரின்தான் எனக்காகச் சொன்னான்.