சூடாக இருந்த பானட்

இன்னமும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழைய ஐரோப்பிய ஸ்போர்ட் வேகன் கார் ஒன்றை வாங்கலாமென்று காலையிலேயே பார்க்கப் போனேன். அம்பத்தூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் நண்பன் சேகரும் கூட வந்தான். சாவி போடும் முன்பே அவன் பானட்டில் கைவைத்தான்.

"இன்னா மாமே, இப்பவே சூடா கீது? விக்கிறவன் நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிக்கிறான். ஜில்லுனு இருந்தா ஸ்டார்ட் ஆவாது போல. ஓட்ட ஷோக்கா இருக்கும், நம்பி ஏற முடியாது. வேணாம்."

நான் கேட்கவில்லை. நெமிலிச்சேரி பக்கம் வெளிவட்டச் சாலையில் ஒருமுறை ஓட்டினேன். விரலை அசைத்தால் திரும்பியது. வளைவில் சாலையோடு ஒட்டிக்கொண்டு போனது. அதிலேயே எனக்குப் புத்தி கெட்டுவிட்டது.

"ஆட்டோ ரிப்பேர் பண்றவனுக்கு இந்த வண்டிய பத்தி இன்னா தெரியும்?" என்று விற்பவன் முன்னாலேயே கத்தினேன். சேகர் பஸ் ஏறிப் போய்விட்டான். நான் அன்றே வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலை எங்கள் தெருக்கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. முந்தின நாளே அங்கே நிறுத்தியிருந்தேன். நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். தெருவே பார்க்கச் சாவியைத் திருப்பினேன். கிர்ரென்று இழுத்து நின்றது. பத்து முறை திருப்பினேன். ஒரு பழம்கூட நசுங்கவில்லை.

வெட்கம் கெட்டு சேகருக்கே போன் செய்தேன். வந்தவன் பானட்டில் கைவைத்தான்.

"இப்பதான் மாமே ஜில்லுனு கீது."

விற்றவனை என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன். சரியாகச் சொன்னவனைப் பார்த்து அந்த நேரத்திலும் பல்லைக் கடித்தேனே, அந்த என்னைத்தான் மன்னிக்க முடியவில்லை.