சுவர்ப்பக்கம் திருப்பிய பச்சை விளக்கு

என் மனைவி செய்யாத ஒரு தவறுக்காக நான் அவளை மன்னித்தேன். தோளைத் தட்டி, "விடு யாழினி" என்று பெருந்தன்மையோடு மன்னித்தேன்! அந்தத் தவறைச் செய்தவன் நான்.

இதை முதலில் கேட்பவர் நீங்கள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை...

நான் சேலத்துக்காரன். கடலுக்கும் எனக்கும் என்ன உறவு? ஆனால் துபாய்க்கு வேலைக்கு வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு குளிர்காலம் மலையேற்றம், அடுத்தது ட்ரோன், அதற்கடுத்தது பாய்மரப் படகு. சில வாரயிறுதி வகுப்புகள், கையில் ஒரு சான்றிதழ். அவ்வளவுதான், என்னை மாலுமி என்றே நம்பிவிட்டேன்!

ஈத் விடுமுறையில், ஓமானின் முசந்தம் கடலில் ஒரு சிறு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்தோம். மொட்டை மலைகள் நேரே கடலுக்குள் இறங்கும் இடம். நடுநடுவே தீவுகள். காலையில் ஒரு தீவு, மதியம் ஒரு குடா, படகின் முனையோடு போட்டி போடும் டால்பின்கள்... கூடவே எங்கள் பாய்மரக் குழுவின் மற்றப் படகுகள். அவற்றில் ஒன்று ரஃபீக் காக்காவுடையது.

காயல்பட்டினத்துக்காரர், மஸ்கட்டில், ரூவியில், கடை வைத்திருப்பவர். அவர்கள் ஊரில் அண்ணனைக் 'காக்கா' என்பார்கள். யாழினியும் அப்படியே அழைத்தாள். அவர் மனைவி மும்தாஜ், அவளுக்கு 'லாத்தா', அதாவது அக்கா. எல்லாம் நல்ல மனிதர்கள். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

படகுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வயர்லெஸ்ஸில் ஆளின் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை. படகின் பெயரைத்தான் அழைப்பார்கள். எங்களுடையது 'நவ்ரஸ்'. பொதுச் சேனலில் அழைத்துவிட்டு, தனியே பேச வேண்டுமானால் இருவரும் வேறு சேனலுக்கு மாறிக்கொள்வார்கள். எங்களிடம் இருந்தது நான் ஆசையாக வாங்கிய ஒரே ஒரு கையடக்க வயர்லெஸ். அதற்குச் சார்ஜ் போடுவது யாழினியின் பொறுப்பு.

இரண்டாம் நாள் கவனித்தேன். அவள் வயர்லெஸ்ஸை எடுத்துக்கொண்டு படகின் முனைக்குப் போனாள். ஏதோ பேசினாள். நான் பாய்க்கயிற்றைக் கட்டிவிட்டு அருகில் போனதும், "சரி காக்கா, கலாஸ்" என்று அரபிக்காரர்கள் பாணியில் பேச்சை முடித்துவிட்டாள்.

"யார்கிட்ட பேசின?"

"லாத்தாகிட்ட. மீன் குழம்புக்குப் புளி இருக்கான்னு கேட்டேன்."

லாத்தாவிடம் பேசியவள் ஏன் "காக்கா" என்று முடிக்க வேண்டும்?

சிறிது நேரத்தில் ரஃபீக் காக்காவின் படகு எங்கள் பக்கம் வந்தது. "தம்பி, அந்தத் தீவுக்கு வெளிப்பக்கம் போவாண்டாம். உள்பக்கமாவே போவோமே. எனக்குக் கொஞ்சம் பயமா இரிக்கி, நீங்க பக்கத்துல இருந்தாத் தைரியம்" என்றார்.

பயமா? பல வருடம் கடலில் திரிந்தவருக்கா? அதுவும் என்னைப் போன்ற கற்றுக்குட்டி துணையா?

மறுநாளும் அதே கதை. அவள் முனைக்குப் போவாள், முணுமுணுப்பாள், சற்றைக்கெல்லாம் அவர் வந்து நிற்பார். "தம்பி, பக்கத்துலயே இருங்க." எதற்குப் பக்கத்தில்? யாருக்குப் பக்கத்தில்? நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? சிரிக்காதீர்கள்... அவள் கூந்தலை அள்ளி முடிவதில்கூட எனக்கு அர்த்தம் தெரிந்தது!

கடைசி நாள் மதியம். ஒரு குடாவுக்குள் நுழைந்தோம். "என் பக்கத்துல நங்கூரம் போடுங்க தம்பி" என்று அவர் கை காட்டினார். வீம்புக்கென்றே எதிர்ப்பக்கம், மலைச்சுவருக்கு அருகில் போட்டேன். சங்கிலி நீளமாக இருந்தால்தான் நங்கூரம் பிடிக்கும்; அதையும் குறைவாகத்தான் விட்டேன்.

"இவ்ளோ போதுமா?" என்றாள் யாழினி.

"கோர்ஸ் படிச்சது நீயா, நானா?"

அவள் கீழறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். நான் மேலே நிழல்துணியின் கீழ் கறுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயர்லெஸ் என் மடியில் இருந்தது.

அப்போது அது பேசியது.

"யாழினி... யாழினி... கேக்குதா புள்ள? யாழினி!"

'நவ்ரஸ்' அல்ல. அவள் பெயர்! அத்தனை படகுகளும் கேட்கும் பொதுச் சேனலில், வழக்கத்தையெல்லாம் மறந்து, என் மனைவியின் பெயர்!

அவசரம் அந்தக் குரலில் இருந்தது. அதை நான் கேட்டேன். ஆனால் ஏக்கம் என்று கேட்டேன்... குமிழைத் திருகினேன். டக்கென்று ஒரு சத்தம், அணைந்துவிட்டது.

இதுதான் என் குற்றம். ஒரு விரல் அசைவு!

அடுத்து நான் நிமிர்ந்து பார்த்தது, சின்ன ரப்பர் படகில் ரஃபீக் காக்கா கத்திக்கொண்டே வந்தபோதுதான். காற்று எழுந்திருந்தது. எங்கள் நங்கூரம் பிடிவிட்டு இழுபட்டு, படகின் பின்புறம் பாறையை நெருங்கியிருந்தது. அவர் பாறைக்கும் எங்களுக்கும் நடுவில் புகுந்து, கையால் படகைத் தள்ளினார்.

"எஞ்சின போடுங்க தம்பி! யல்லா! யல்லா!"

போட்டேன். ஒரு அலை முந்திக்கொண்டது.

அவர் வலக்கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. கசாப் நகர ஆஸ்பத்திரியிலும் அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

அங்கே வராந்தாவில் மும்தாஜ் லாத்தா, அழுகைக்கு நடுவே என்னிடம் சொன்னார்: "ஒங்க பொஞ்சாதி தெனம் கெஞ்சும், தம்பி. 'காக்கா, நான் சொன்னா அவர் கேக்க மாட்டார். நீங்க பயப்படுற மாதிரி சொல்லுங்க, அவருக்கு ரோஷம் ஜாஸ்தி'ன்னு. இன்னைக்கி ஒங்களக் கூப்ட்டா வம்புக்கு நிப்பிய, அந்தப் புள்ள எந்திச்சி வரட்டும்னுதான் அது பேரச் சொல்லிக் கூப்ட்டாஹ..."

என் மானத்தைக் காப்பாற்றவா அத்தனை முணுமுணுப்பும்? என் வீம்பை நோகடிக்காமல் என்னைக் கரைசேர்க்கவா?

அன்று மாலை படகுக்குத் திரும்பினோம். யாழினி வயர்லெஸ்ஸை எடுத்தாள். திரை இருண்டிருந்தது. குமிழைத் திருகிப் பார்க்கக்கூடத் தோன்றாமல் அவள் முகம் வெளுத்தது.

"சார்ஜ் போடாம விட்டுட்டேனா? நான்தானா? என்னாலதான் அவங்க கூப்ட்டது கேக்கலையா?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன்! வந்ததோ, "விடு யாழினி, யாருக்கும் வர்ற மறதிதான்."

அவளிடமிருந்து வாங்கி, நானே சார்ஜரில் செருகினேன். செருகியவுடன் பச்சை விளக்கு எரிந்தது. நிறைந்திருக்கிறது என்று பொருள்! அவள் பார்ப்பதற்குள் சார்ஜரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

குமிழைத் திருகியது கோபம் என்பேன். இதை என்னவென்று சொல்வேன்?

இப்போது அவள் வீட்டிலிருக்கும் எல்லாவற்றுக்கும் சார்ஜ் போடுகிறாள். கைபேசி, டார்ச், என் ஷேவர்கூட. ஆபீஸுக்குக் கிளம்பிப் பாதி வழியில் அழைத்து, "பவர் பேங்க் போட்டேனா, பாருங்களேன்" என்பாள். வெள்ளிக்கிழமைதோறும் ரஃபீக் காக்காவிடம் பேசி அழுவாள். அவர் சிரிப்பார்: "பிரியாணி திங்க மூணு வெரல் போதாதா புள்ள? அளுவாத." தன் படகை விற்றுவிட்டதை அவர் அவளிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார். ஏன் என்னிடம் மட்டும்? தெரிந்துகொண்டாரோ...

போன வாரம் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது யாழினி அந்த வயர்லெஸ்ஸை எடுத்தாள். சார்ஜில் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலியா இருந்தா செவப்பு, இல்ல?"

"ம்."

"அன்னைக்கி என்ன கலர் எரிஞ்சுது?"

"கவனிக்கல."

"ம்..." என்றாள். பிறகு சார்ஜரை மெதுவாகத் திருப்பி, விளக்கு என்னைப் பார்க்கும்படி மேசைமேல் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போனாள்.

தெரிந்துதான் திருப்பினாளா? சும்மாத்தான் திருப்பினாளா? நான் கேட்கவில்லை. அது சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும்வரை, எழுந்திருக்க முடியாமல், அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.