லொக் அவுட் ஆகாத உதயராஜ்

இதை வெளியே சொன்னால் நம் கொம்பியூட்டர் கடைக்கு யாரும் வரமாட்டார்கள் என்கிறாள் என் மனைவி மஹ்மூதா. வராவிட்டால் போகட்டும். நடந்தது நடந்ததுதான். நேரங்களையும் நான் ஊகித்து எழுதவில்லை. இயந்திரத்தின் பதிவிலும் என் கடிகாரத்திலும் இருந்தபடியே தருகிறேன்.

நான் மஷூர், ஊர் வரக்காப்பொல. போன ஒக்டோபரில் அரநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே மலையில் மழைமானி இருக்கிறது. அது அளப்பது ஆபீஸ் சர்வருக்கு வரும். அளவு மீறினால் லயத்தில் சங்கு ஊதும். மலை சரிந்தால் இருபத்திரண்டு குடும்பங்களுக்கும் அந்தச் சங்கை விட்டால் வேறு கதி இல்லை.

அளவைப் பார்த்துச் சங்கை ஊதவைக்கும் புரோகிராமை, கன்டெய்னர் என்கிற மென்பொருள் பெட்டிக்குள் அடைத்து, பின்னணியில் தானாக ஓடும் சர்வீஸாகப் போட்டேன். விழுந்தால் இயந்திரமே எழுப்பிவிடும். ஆள் காவல் இருக்கத் தேவையில்லை. அதை ஓட்ட மட்டும் தனியாக ஒரு யூசர் வேண்டும். ஆபீஸ் கிளாக்கர் சீதாதேவியிடம் கேட்டேன்.

"என்ன பேர் போடுறது அக்கா?"

"உதயராஜ்னு போடுங்க மஷூர் நானா. எங்க வீட்டுக்காரர். இங்கதான் வாட்சரா இருந்தாரு."

மூன்று வருடத்துக்கு முன் மலை சரிந்தபோது மண்ணோடு போனவர். கதவு கதவாகத் தட்டி எல்லாரையும் எழுப்பிவிட்டு, அவர் மட்டும் வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. நல்ல விஷயம்தானே என்று அந்தப் பெயரையே போட்டேன். அந்தப் புத்தி எனக்கு ஏன் வந்ததோ.

மாலை 5.40. உதயராஜ் யூசரிலிருந்து லொக் அவுட் செய்தேன். ஆபீஸைப் பூட்டிச் சாவியைப் பொக்கெட்டில் போட்டேன். பஸ் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. சீதாதேவி தன் குவார்ட்டர்ஸில் பிளேன் டீ தந்தார்.

6.25. கோப்பை பாதியில் நின்றது.

லிங்கர்... அதைப் போட மறந்துவிட்டேன்.

அது ஒரு வரிக் கட்டளை. யூசர் வெளியேறிய பிறகும் அவர் பெயரில் ஓடும் சர்வீஸ் தங்கியிருக்கட்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வது. அதைப் போடாவிட்டால் ஆள் வெளியேறியதுமே எல்லாம் நின்றுவிடும். அப்படியென்றால் 5.40 முதல் சங்கு இல்லை.

ஓடினேன். பின்னால் டோர்ச்சுடன் சீதாதேவி.

6.31. பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே...

டக்... டக்... டக்...

கீபோர்ட் சத்தம்.

திறந்தேன். யாரும் இல்லை. நாற்காலி மேசையோடு ஒட்டி இழுபட்டிருந்தது. அதில் ஈரச் சேறு.

கன்டெய்னர் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே இருப்பது யார் என்று இயந்திரத்திடம் கேட்டேன். ஒரே பெயர். உதயராஜ். இதே கீபோர்டில். 5.43 முதல்.

பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும்.

லிங்கர் கட்டளையை அடித்தேன். கடைசி எழுத்து அழிந்தது. பிறகு அதற்கு முந்தியது... ஒவ்வொன்றாக...

என் விரல்கள் மேசையில் இருந்தன.

அப்புறம் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது.

'நான் இருக்கேன். போங்க.'

சீதாதேவி திரையையே பார்த்தார்.

"சரிங்க," என்றார்.

பூட்டிவிட்டு வெளியே வந்தோம்.

6.52. சங்கு.

குழந்தை குட்டிகளோடு எல்லாரும் எதிர் மேட்டிலுள்ள பாடசாலைக்கு ஏறினார்கள். 7.20க்கு மலை வந்தது. லயத்தில் எட்டு வீடுகள் இல்லை. ஆள் ஒருவரும் குறையவில்லை.

நான்கு நாள் கழித்து மழைமானியைத் தேடிப் போனோம். வயர் அறுந்து கிடந்தது. பதிவைப் பார்த்தேன். 5.55க்குப் பிறகு மலையிலிருந்து ஓர் அளவும் வரவில்லை. அளவு வராமல் சங்கு ஊதாது.

6.52க்கு மட்டும் ஓர் எண் இருந்தது.

அது கீபோர்டில், கையால் அடித்த எண்.