காட்டு உள்ளானுக்குள் கிடந்த சன்னம்

தர்மலிங்கத்தின் மனைவி யோகராணிக்கு ஒரே ஒரு தம்பி. பெயர் சற்குணம். அவன் ஓஸ்லோவில் வந்து இறங்கிய நாளில் விமான நிலையத்துக்குப் போய் ஏற்றி வந்தவர் தர்மலிங்கம்தான். ஹொல்ம்லியாவில் தன்னுடைய இரண்டறை வீட்டில் பதினான்கு மாதம் வைத்திருந்து சோறு போட்டார். பனிக்கட்டியில் வழுக்காமல் எப்படிக் கால் வைப்பது என்பதுவரை சொல்லிக் கொடுத்தார். எல்லாம் மனதாரச் செய்ததுதான். ஆனால் சொல்லிக் கொடுத்த எதையும் அவன் தன்னைவிட நன்றாகச் செய்துவிடுவான் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

வாகனம் ஓட்டும் சோதனையில் தர்மலிங்கம் மூன்றாம் முறைதான் தேறினார். சற்குணம் முதல் முறையே தேறி, சில வருடங்களில் பஸ் ஓட்டுநராகவும் ஆகிவிட்டான். வடக்கே மீன் தொழிற்சாலையில் ஏழு வருடம் நின்று கற்ற நோர்வே மொழியைத் தர்மலிங்கம் இன்றைக்கும் சொல் தேடித்தான் பேசுகிறார். சற்குணம் அதே மொழியில் பகிடி விடுகிறான்; கேட்கிற நோர்வேயர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தர்மலிங்கத்தின் வாய் "கெட்டிக்காரன்" என்று சொல்லும். வயிறு எரியும்.

அவருக்கென்று தனியாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. வேட்டை.

பள்ளிக்கூடமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்யும்போது, அங்கே படிப்பித்த கரோலினா என்ற நோர்வேப் பெண் அவருக்கு அந்த ஆசையை ஏற்றிவிட்டாள். ஓய்வு பெற்றபின் அவளுக்குத் துணை தூவா என்ற கறுப்பு வேட்டை நாய். ஐம்பத்திரண்டாவது வயதில் தர்மலிங்கம் வேட்டைத் தேர்வு எழுதினார், துவக்கு வாங்கினார். இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் என்னெபக் பக்கம் கரோலினாவின் உறவுக்காரருடைய பண்ணைக்குப் போவார்கள். ஆறு பருவத்தில் அவர் சுட்டது கொஞ்சம் காட்டுப்புறா, ஈரப் புல்வெளியில் எழும்புகிற சின்ன உள்ளான் இரண்டு. ஆனால் அவர் மனம் கிடந்தது காட்டு உள்ளானில். நோர்வேயர் அதை றுக்டே என்பார்கள். உதிர்ந்த இலையின் நிறம், நீண்ட சொண்டு, தலையின் பின்பக்கம் ஒதுங்கிய பெரிய கண். காலடியில் கிடந்தாலும் தெரியாது. நாய் மணம் பிடித்து அசையாமல் நின்று காட்டினால் உண்டு. எழும்பினால் மரங்களுக்கிடையில் வளைந்து வளைந்து போய்விடும். ஆறு வருடத்தில் ஒன்பது தரம் அதை நோக்கிச் சுட்டார். ஒன்பதும் மரத்தில்.

ஆனாலும் சொந்தக்காரர் மத்தியில் அவர் "வேட்டைக்காரர்". கலியாண வீடுகளில் ஆட்கள் அதைக் கேட்டு வந்து கதைப்பார்கள். அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு அவர் நிம்மதியாக இருந்தார், போன வசந்தத்தில் சற்குணம் வந்து, "அத்தான், நானும் தேர்வு பாஸ் பண்ணிப்போட்டன். ஒரு பழைய ரெட்டைக்குழல் துவக்கும் வாங்கியிட்டன்" என்று சொல்லும்வரை.

"கெட்டிக்காரன்" என்றார் தர்மலிங்கம்.

ஒக்டோபர் முதல் சனிக்கிழமை மூவருமாகப் போனார்கள். காலையில் புல்வெளியில் கரோலினா இரண்டு சின்ன உள்ளான்களைச் சுட்டாள். பத்து மணியளவில், வாய்க்காலை ஒட்டிய மரக்கூட்டத்தில் தூவா ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நின்றது. கரோலினா கையசைக்க, தர்மலிங்கம் இடப்பக்கமும் சற்குணம் வலப்பக்கமும் ஒதுங்கினார்கள். சிறகு படபடக்க ஒரு காட்டு உள்ளான் எழும்பியது. இரண்டு வெடி, கிட்டத்தட்ட ஒரே சத்தமாக. பறவை இலைகளுக்கு மேல் விழுந்தது.

தர்மலிங்கம் துவக்கைத் தாழ்த்தினார். கடைசியில்! அவர் கூவ வாயெடுக்குமுன் கரோலினா சற்குணத்தின் தோளில் தட்டினாள். "முதல் நாளே! அபூர்வம்!" என்றாள்.

"நானும் சுட்டேன்" என்றார் தர்மலிங்கம், நோர்வே மொழியில்.

"தெரியும். ஆனால் உங்கள் வெடிக்கு முன்பே பறவை சரிந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்." அவள் சிறகின் நுனியிலிருந்து ஈர்க்குப் போன்ற ஒரு சிறிய இறகைப் பிடுங்கினாள். காட்டு உள்ளானைச் சுட்டவர் அதைத் தொப்பியில் குத்திக்கொள்வது வேட்டைக்காரர் வழக்கம். ஆறு வருடமாகத் தர்மலிங்கம் தன் தொப்பியில் எந்த இடத்தில் குத்துவது என்று பார்த்து வைத்திருந்த இறகு அது. கரோலினா அதைச் சற்குணத்தின் தொப்பியில் குத்திவிட்டாள்.

குடும்பத்தில் இறைச்சி சமைப்பது எப்போதும் தர்மலிங்கம்தான். ஆகவே பறவைகள் அவரோடு வந்தன. வேட்டைக்காரர் வழக்கப்படி குடல் எடுக்காமல், நிலக்கீழ் அறையின் குளிரில் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார். போய்வரும்போதெல்லாம் நின்று பார்த்தார். அது தன்னுடைய வெடிதான் என்று மனம் அடித்துச் சொன்னது. அதற்கு ஒரு வழியும் இருந்தது. அவருடைய தோட்டாவுக்குள் இருப்பது இரும்புச் சன்னம், மிளகு போன்ற சிறு குண்டுகள். சற்குணத்தின் பழைய துவக்குக்கு இரும்பு ஆகாது. அவன் போடுவது பிஸ்மத் என்கிற வேறு உலோகம். இரும்பு காந்தத்தில் ஒட்டும். பிஸ்மத் ஒட்டாது.

புதன்கிழமை பின்னேரம் சாப்பாட்டுக்குக் கரோலினாவையும் சற்குணம் குடும்பத்தையும் அழைத்திருந்தார்கள். மத்தியானமே தர்மலிங்கம் பறவைகளைக் கொண்டுவந்து, தோல் கிழியாமல் இறகு பிடுங்கினார். பெரிய பறவையின் நெஞ்சில் விரலால் தடவி, கத்தி நுனியால் கீறி மூன்று சன்னங்களை எடுத்தார். பிறிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார்.

ஒன்றும் அசையவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகு பறவையின் முதுகு, தொடை, கழுத்து எல்லாம் தேடினார். வேறு சன்னமே இல்லை.

பிறகு மூன்று சன்னங்களையும் குப்பைக்குள் போட்டார். பல்கனிக்குப் போய், தன்னுடைய புதுத் தோட்டா ஒன்றைக் கத்தியால் கீறி, கடதாசியில் கொட்டி, மூன்று சன்னத்தைப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். உள்ளே திரும்பியபோது யோகராணி துவைத்த துணிகளோடு கூடத்தில் நின்றாள்.

சமையலில் மட்டும் அவர் களவு செய்யவில்லை. கரோலினா சொல்லித் தந்தபடி குடலையும் ஈரலையும் பொடியாக வெட்டி, வெண்ணெயில் மிளகோடு வதக்கி, வாட்டிய பேக்கரிப் பாண் துண்டுகளில் பூசினார். இறைச்சியைச் சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம், வறுத்த மிளகாய்த்தூளோடு பிரட்டலாக இறக்கினார். மூன்று பறவையும் சேர்த்து ஆளுக்கு நாலு வாய்தான் வரும். அதற்காகவே எல்லோரும் மெதுவாகச் சாப்பிட்டார்கள்.

"காட்டு மணம் அடிக்குது, ஆனால் நல்லாயிருக்கு" என்றாள் சற்குணத்தின் மனைவி சத்தியபாமா.

"இவர் சுட்டதல்லோ" என்று அவள் பெருமையாகக் கணவனைப் பார்த்த அந்த நேரத்தில்தான் தர்மலிங்கம் எழும்பிப் போய், ஒரு சின்னத் தட்டையும் காந்தத்தையும் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார்.

"வெட்டேக்கை மூண்டு சன்னம் இருந்தது. பாருங்கோ." காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனார். டிக், டிக், டிக். மூன்றும் பாய்ந்து ஒட்டின. "இரும்பு. என்ரை சன்னம்." பிறகு அதையே கரோலினாவுக்கு நோர்வே மொழியில் சொன்னார்.

கரோலினாவின் முகம் சிவந்தது. "அப்படியானால் நான் பார்த்தது பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள், தர்மலிங்கம். என் கண்ணை நான் அளவுக்கு மீறி நம்பிவிட்டேன்" என்றாள்.

சற்குணம் தட்டைக் கையிலெடுத்துச் சன்னங்களை உற்றுப் பார்த்தான். நிமிர்ந்து தமக்கையைப் பார்த்தான். யோகராணி குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவன் எழும்பிப் போய், வாசலில் தொங்கிய தொப்பியிலிருந்து இறகைக் கழற்றி வந்து, சிரித்தபடி அத்தானின் கையில் வைத்தான்.

"அப்ப இது உங்களுக்குத்தான், அத்தான்."

ஆறு வருட ஆசை உள்ளங்கையில் கிடந்தது. அதற்கு ஒரு பாரமும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள், யோகராணியைத் தவிர.

விருந்தினர் போனபின் பாத்திரம் கழுவியபடியே அவள் சொன்னாள்: "நான் கண்டனான். பல்கனியிலை என்ன செய்தனீங்கள் எண்டு."

"கண்டால் என்ன? உம்மடை தம்பி எண்டவுடனை நீர் பரிஞ்சு வந்திட்டீர்."

"அவன் என்ரை தம்பி. நீங்கள் என்ரை மனுசன். மேசையிலை இருந்து ரெண்டு பேரையும் பாத்துக்கொண்டிருந்த எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? இந்த வீட்டிலை அவன் உங்களைவிட ஒரு பிடி கூடச் சாப்பிட்டாலும் உங்களுக்குத் தெரியும். இருபத்தஞ்சு வரியமா எனக்கு அது தெரியும். ஆனால் பொய் சொல்லுவீங்கள் எண்டு தெரியாது."

அடுத்த இரண்டு நாளும் தேவைக்கு மட்டும் கதைத்தாள். குடும்பத்தார் எல்லோரும் கைத்தொலைபேசியில் வாழ்த்து அனுப்பினார்கள். ஒவ்வொரு வாழ்த்தும் வந்து விழும்போது தர்மலிங்கத்துக்கு வேலையிடத்தில் கை ஓடவில்லை. இறகைத் தொப்பியில் குத்திப் பார்த்தார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கழற்றினார். சற்குணத்தின் மேல் இன்னும் பொறாமை இருந்தது. இப்போது அது முன்பைவிடக் கூடத்தான். அவன் இறகைக் கொடுத்துவிட்டுச் சிரித்தானே, அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துப் பொறாமை.

வெள்ளிக்கிழமை சற்குணத்தின் பஸ் எந்த வழியில் ஓடுகிறது என்று விசாரித்து, கடைசித் தரிப்பில் போய் நின்றார். பயணிகள் இறங்கியதும் ஏறினார். சற்குணத்துக்குப் பத்து நிமிட ஓய்வு. பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன அத்தான், இஞ்சை?"

தர்மலிங்கம் இறகை ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தார். "குருவிக்குள்ளை இருந்தது உன்ரை சன்னம். நான் புதுத் தோட்டா உடைச்சு மாத்திப்போட்டன்."

சற்குணம் தேநீரைக் குடித்தான். "தெரியும்" என்றான்.

"எப்பிடி?"

"உடம்புக்குள்ளை போன சன்னம் அப்பிடிப் பளபளெண்டு இராது. ஒரு கீறல் இல்லை, ஒரு துளி இரத்தம் இல்லை. அக்கான்ரை முகத்தையும் பாத்தனான்."

"பிறகேன் இறகைத் தந்தனி?"

"உங்களைக் கேவலப்படுத்தக் கூடாதெண்டு. ஆனால் நான் கோவிக்கேல்லை எண்டு நினையாதேங்கோ. வீட்டை போற வழியிலை பாமாவோடையும் கதைக்கேல்லை. அந்த மனுசி கரோலினா உங்களிட்டை மன்னிப்புக் கேட்டா, அத்தான். அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் இருந்தது." அவன் பிளாஸ்க்கை மூடினான். "எனக்குச் சொன்னது காணாது. அதே மேசையிலை, அதே ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் எல்லோரையும் அழைத்தார். சாப்பாட்டுக்கு முன்பே சொன்னார், முதலில் தமிழில், பிறகு நோர்வே மொழியில். சொல் தேடவேண்டி வந்தது. 'பொறாமை' என்ற சொல்லை அந்த மொழியில் அவர் அதுவரை பாவித்ததே இல்லை. சற்குணம்தான் எடுத்துக் கொடுத்தான். சத்தியபாமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சமாதானமாக அதற்குப் பிறகும் பல வாரம் எடுத்தது. கரோலினா, "நாய்க்கு முன்னால் பொய் சொல்ல முடியாது. சனிக்கிழமை ஏழு மணிக்கு வாருங்கள்" என்றாள்.

போனார்கள். அந்தப் பருவம் முடியும்வரை ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. தர்மலிங்கம் இன்னும் இரண்டு தரம் காட்டு உள்ளானுக்குச் சுட்டார், இரண்டும் தவறின. நவம்பர் நடுவில் தூவா நின்று காட்ட, சற்குணம் தன் இரண்டாவது காட்டு உள்ளானை விழுத்தினான். தர்மலிங்கத்தின் வயிற்றில் அதே நெருப்பு எழும்பியது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

"எரியுதடா" என்றார்.

"தெரியும் அத்தான்" என்றான் சற்குணம்.

இலைகளுக்குள் இறங்கிப் போய்ப் பறவையை எடுத்து வந்தவர் தர்மலிங்கம். நல்ல கொழுத்த பறவை. நெஞ்சை அமத்திப் பார்த்துக்கொண்டே கேட்டார், "இந்தமுறை பாண் வேண்டாம், றொட்டி சுடட்டே?"