மீன் தொட்டியில் எறும்பு ஏன் ஏறியது?

என் தம்பி மெட்ராஸிலிருந்து கண்ணாடித் தொட்டியும் நான்கு தங்க மீன்களும் வாங்கிவந்து கூடத்தில் வைத்தான். "அக்கா, குழாய்த் தண்ணிய ஒரு நாள் புடிச்சி வெச்சிட்டு ஊத்து. தீனி கொஞ்சமா போடு, போதும்" என்றான்.

அப்படியேதான் செய்தேன். ஆனாலும் ஒரே வாரத்தில் தண்ணீர் கஞ்சி போலக் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒன்று செத்தே போனது.

சீக்கு மீனை விற்றுவிட்டான் என்று முதலில் கடைக்காரனைத் திட்டினேன். பிறகுதான் தொட்டி விளிம்பில் எறும்புச் சாரியைப் பார்த்தேன். வெறும் தண்ணீருக்கு எறும்பு ஏன் வரவேண்டும்? யாரோ எதையோ போடுகிறார்கள்! பக்கத்து வீட்டு சரோஜா மேல்தான் எனக்குச் சந்தேகம். தினமும் வந்து, "அழகா இருக்குதுக்கா" என்று பெருமூச்சு விடுபவள் அவள்தான்.

மறுநாள் கதவுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். வந்தது சரோஜா இல்லை. தறியிலிருந்து எழுந்து வந்த என் வீட்டுக்காரர், ஒரு வெல்லக் கட்டியைக் கழுத்தைச் சுற்றித் தொட்டியில் போட்டார்!

"இன்னாங்க இது?"

"கழுத்துல மரு வந்துக்கினே இருக்குது. குளத்துல வெல்லம் போட்டா அதோட மருவும் கரைஞ்சிடுமாம். தறிய விட்டுட்டு கோயில் குளத்துக்கு எங்க போறது? இதுலயும் மீனு இருக்குதே!"

பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றினேன். மூன்று மீன்கள் பிழைத்தன. கொடுமை என்னவென்றால், அவருடைய மருவும் உதிர்ந்துவிட்டது. தெருவுக்கே செய்தி தெரிந்துவிட்டது.

இப்போது தொட்டிக்குக் கம்பிவலை மூடி போட்டிருக்கிறேன். யார் வந்தாலும், 'வாங்க' என்பதற்கு முன் முகத்திலும் கழுத்திலும் மரு இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

சரோஜாவுக்கு மோவாயில் ஒன்று இருக்கிறது.