சந்தனம் பூசிய ஃபேன்

கர்ர்ர்... டகடகடக... கர்ர்ர்.

புதுப்பட்டினம் மார்க்கெட் தெருவில் நான் முதன்முதலாக வேலை பார்த்த டைப்பிங் சென்டரை நினைத்தால், மீன் கவிச்சிக்கும் ஜெராக்ஸ் மெஷின் சூட்டுக்கும் முன்னால் இந்தச் சத்தம்தான் வந்து நிற்கும். அங்கிருந்த பழைய டெஸ்க்டாப்பில், ப்ராசஸர் சூடாகாமல் காற்றடிக்கும் குட்டி ஃபேன். காலையில் ஸ்விட்ச் போட்டால் அலறத் தொடங்கும். நாலு பக்கம் அடிப்பதற்குள் கம்ப்யூட்டர் சூடேறித் தானே அணைந்துவிடும். சேவ் செய்யாதது எல்லாம் போச்சு!

நான் சேர்ந்தது ஆயுதபூஜை முடிந்த மறுவாரம். அதுதான் நான் செய்த தப்பு.

"நீ வந்ததுலேர்ந்துதான் இது இப்டிக் கத்திகினு கீது. உனுக்குக் கை ராசி இல்லம்மா," என்றார் ஓனர். ஜெராக்ஸ் எடுக்க நின்ற அத்தனை பேர் எதிரிலும்...

அந்தத் தெருவில் ப்ராசஸர் யாருக்கும் தெரியாது. ராசி எல்லாருக்கும் தெரியும். மறுநாள் பையனின் காலேஜ் விண்ணப்பத்தோடு வந்த ஒரு அம்மா, அதை என் கையில் தரவே இல்லை. "அண்ணாத்த, நீயே அடிச்சிக் குடேன்" என்று ஓனரிடம் நீட்டினார். உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு.

சனிக்கிழமைக்குள் சத்தம் நிற்காவிட்டால் நான் நின்றுகொள்ள வேண்டுமாம்.

செங்கல்பட்டுக்கு பஸ் பிடித்துப் போய், அதே அளவில் ஒரு புது ஃபேன் வாங்கி வந்தேன். ஓனர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றினேன்.

பழைய ஃபேனின் மூன்று இறக்கைகளில் சந்தனம்! மேலே குங்குமம் வேறு. காய்ந்து கல்லாகக் கிடந்தது. பாரம் ஒரு பக்கமாக இழுத்து, ஆடி ஆடியே உள்ளே அச்சு தேய்ந்திருந்தது.

"இத யாரு சார் வெச்சது?" திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

"நான்தான். பூஜைக்கு டப்பா மேல மட்டும் வெச்சா போதுமா? உள்ள சுத்தறதுதான முக்கியம்?"

ஒரு கூச்சம் இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ப்ராசஸர் மேல் வெள்ளைப் பேஸ்ட்டைத் தடவினேன். சூடு இறங்குவதற்காகப் போடுவது. மனிதர் துள்ளினார். "இன்னாம்மா, நான் வெச்சா தப்பு, நீ வெச்சா சரியா?"

புது ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றியது. வேலை தப்பியது. ஒரு 'சாரி' வரவில்லை. "இன்னிக்கு நல்ல நாளு, அதான்" என்றார். பழைய ஃபேனைச் சந்தனத்தோடு என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இப்போது ஐ.டி. ஆபீஸில் ஃபேனே இல்லாத லேப்டாப். சில சமயம் அந்தக் கர்ர்ர் இல்லாதது கூட ஒரு மாதிரி இருக்கிறது... அந்த டைப்பிங் சென்டர் இருந்த இடத்தில் மொபைல் கடை வந்துவிட்டது. என் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பார்த்து எங்கள் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ வந்ததுலேர்ந்து சர்வர் படுத்துக்குது. ராசி அப்டி!"

அந்தப் பெண்ணும் சிரித்து வைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் டிராயரைத் திறந்து, அந்தப் பழைய ஃபேனை எடுத்து மேனேஜர் மேசையில் வைத்தேன்.

"இன்னா மேடம் இது?"

"என் ராசி சார். தொட்டுப் பாருங்க... சந்தனம் இன்னும் உதிரல."